மூன்றாம் வாசலுக்கு ஒரு காவல்

செத்துப்போன பிறகு பேயாக அலைகிறவர்களைப் பற்றி ஆளாளுக்குக் கதை சொல்வார்கள். உயிரோடு இருக்கும்போதே பேயாக அலைந்தவர், எனக்குத் தெரிந்து, ஒரே ஒருவர்தான். ஆவி மாஸ்டர். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கிற எந்த மைதானத்தில் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். அவரைப் பார்த்துப் பயப்படாத ஆளே கிடையாது. நான் பயப்படவில்லை என்று எவனாவது சொன்னால் அவன் பொய் சொல்கிறான்.

வீடு ஆவடியில். அதனால் ஆரம்பத்தில் அவர் 'ஆவடி மாஸ்டர்'. எங்கள் ஆட்களில் யாரோ போனில் பெயரைப் பதியும்போது நடுவில் இருந்த 'ட'வை முழுங்கிவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் 'ஆவி மாஸ்டர்' என்று வந்து உட்கார்ந்துகொண்டது. திருத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆளைப் பார்த்தால் உங்களுக்கும் தோன்றாது. ஒடிந்து விழுகிற உடம்பு. வெள்ளை முழுக்கைச் சட்டை, வெள்ளை பேண்ட், வெள்ளைத் தொப்பி, வெள்ளை கேன்வாஸ் ஷூ. நடந்தால் சத்தமே வராது. பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்து நீங்கள் எவனையாவது திட்டிக்கொண்டிருப்பீர்கள். பிடரிக்குப் பின்னால் 'உண்மைதான்' என்று ஒரு குரல் கேட்கும். திரும்பினால் அவர் நிற்பார். எப்போது வந்தார், எந்த வழியாக வந்தார், தெரியாது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் பேஸ்பால் அணி ஒன்றை நடத்துகிறேன். 'ஏன் சார், கிரிக்கெட் இல்லையா?' என்று கேட்கிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. கிரிக்கெட்டுக்கு அழத்தான் ஊரே இருக்கிறதே.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பேஸ்பாலில் பந்தை அடித்துவிட்டு, சதுரமாக வைத்த நான்கு இடங்களைச் சுற்றி ஓடி வர வேண்டும். கடைசி இடத்துக்குப் பெயர் 'ஹோம்', அதாவது வீடு. இரண்டாவது இடத்துக்கும் மூன்றாவது இடத்துக்கும் நடுவில் நின்று பந்தைத் தடுக்கிறவருக்குப் பெயர் ஷார்ட் ஸ்டாப். அந்த இடம் ஓட்டை என்றால் அணியே ஓட்டை. எங்கள் அணி பல வருடம் ஓட்டையாகத்தான் இருந்தது.

ஆவி மாஸ்டரின் தொழில் ஆள் பார்ப்பது. மைதானம் மைதானமாகப் போய், நல்ல ஆட்டக்காரிகளைப் பார்த்து, கல்லூரி அணிகளுக்குச் சொல்வார். கல்யாணத் தரகர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன, ஜாதகம் கேட்க மாட்டார், கமிஷனும் வாங்க மாட்டார். அவரை அனுப்பியது யார் என்று யாருக்கும் தெரியாது. நானே ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"உங்கள யாரு சார் அனுப்புறாங்க?"

"வரச் சொன்னார்கள். வந்தேன்."

"யாரு?"

அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன்தான், ஆனாலும் எனக்கும் உயிர் மேல் ஆசை இருக்கிறது.

இன்னொரு வியாதியும் அவருக்கு இருந்தது. வானொலிச் செய்தி வாசிக்கிற மாதிரிதான் பேசுவார். ஆங்கிலச் சொல் ஒன்றுகூட வாயில் வராது. பேஸ்பால் சொற்கள் எல்லாவற்றுக்கும் சொந்தமாகத் தமிழ் வைத்திருந்தார். பேஸ் என்றால் வாசல். முதல் வாசல், இரண்டாம் வாசல், மூன்றாம் வாசல். ஏமாற்றி ஓடுவது களவு. ஷார்ட் ஸ்டாப் என்பது காவல். தான் அவுட் ஆனாலும் பரவாயில்லை என்று பந்தை மெல்லத் தட்டிவிட்டு, மூன்றாவது இடத்தில் நிற்கிறவளை வீடு சேர்ப்பார்களே, ஆங்கிலத்தில் அது சாக்ரிஃபைஸ். அதற்கு அவர் வைத்த பெயர் பலி. பந்து சுவரைத் தாண்டிப் போகிற ஹோம் ரன்னுக்கு வீடுபேறு.

இந்தக் கடைசிச் சொல் எங்கள் மைதானத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியதுதான் கொடுமை. திருமுல்லைவாயிலில் நாங்கள் ஆடுகிற மைதானத்தின் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சுடுகாடு. சுவரைத் தாண்டிய பந்தை எடுக்க ஒருத்தியும் போக மாட்டாள். பந்து என்ன விலை விற்கிறது என்று நான் கத்துவேன். 'நீயே போய் எத்துகினு வா அண்ணாத்தே' என்பார்கள். அப்போது ஆவி மாஸ்டர் எழுந்து, சத்தமே இல்லாமல் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போவார். சற்று நேரம் கழித்துப் பந்தோடு வருவார்.

ஒருநாள் வந்தவர் சொன்னார்: "தேடவே இல்லை. அங்கே மூன்று பேர் அமர்ந்திருந்தார்கள். எடுத்துக் கொடுத்தார்கள்."

"யாரு சார் அவங்க?"

"கேட்கவில்லை. களைப்பாக இருந்தார்கள்."

அங்கே வேலை பார்க்கிறவரை மறுநாள் டீக்கடையில் பார்த்தேன். நேத்து அங்க யாருப்பா குந்திக்கினு இருந்தது என்று கேட்டேன். "நேத்தா? நான் கேட்ட பூட்டிக்கினு மச்சினி கல்யாணத்துக்குல்ல போய்ட்டேன். ஒரு ஈ காக்கா கிடையாது" என்றார். கேட் பூட்டியிருந்தது என்பதை நான் அணியில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த ஞாயிறு யாரும் வர மாட்டார்கள்.

ஒருமுறை வாட்ஸ்அப் குழுவில் 'ஆவி மாஸ்டர் காலமானார்' என்று செய்தி வந்தது. யார் கிளப்பினார்களோ. எல்லோரும் கும்பிடு பொம்மை போட்டார்கள். நான்கூட ஒன்று போட்டேன். ஒருவர் 'அன்னாரது ஆன்மா' என்று நீளமாக எழுதிக்கொண்டிருந்தார். அப்போது ஆவி மாஸ்டரின் எண்ணிலிருந்தே பதில் வந்தது.

'எந்த மைதானத்தில்?'

குழுவை விட்டுச் சிலர் அன்றைக்கே வெளியேறினார்கள். இன்னும் திரும்பி வரவில்லை.

இப்படிப்பட்ட ஆள்தான் போன வருடம் ஒரு மாலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்து, ஆட்டக்காரிகளின் நிழல்கள் எல்லாம் நீளமாகக் கிழக்கே விழுந்து கிடந்தன.

"ஆளைப் பார்க்காதீர்கள். ஆள் பொய் சொல்வாள். நிழலைப் பாருங்கள்" என்றார்.

"இன்னா சார் தெரியும் நெயல்ல?"

"காவலில் நிற்கிற அந்தப் பெண். பாருங்கள்."

அங்கே நின்றது மோனிஷா. முத்தாபுதுப்பேட்டைப் பெண். பிளஸ் டூ முடித்தவள். ஆள் சேரவில்லை என்று சும்மா நிறுத்தி வைத்திருந்தேன். நான் தரையைப் பார்த்தேன். எதிரணிப் பெண் மட்டையை ஓங்கினாள். மோனிஷாவின் நிழல் வலப்பக்கமாக நகர்ந்தது. அதற்குப் பிறகுதான் மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டது. பந்து நேராக அந்த நிழல் போய் நின்ற இடத்துக்கு வந்தது.

ஏதோ தற்செயல் என்று நினைத்தேன். மறுபடியும் பார்த்தேன். மறுபடியும் நிழல் முதலில், சத்தம் பிறகு. எனக்குக் கையில் மயிர் குத்திட்டு நின்றது.

"அடுத்த வாரம் கல்லூரி அணிக்குத் தேர்வு இருக்கிறது. அவளை அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். நான் மோனிஷாவைக் கூப்பிட்டு, பந்து எங்கே வரும் என்று உனக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"அடிக்கிறவங்க காலு காட்டிக் குடுத்துடும்ணா. எந்தப் பக்கம் அடிக்கப் போறாங்களோ அந்தப் பக்கம் பாதம் லைட்டா திரும்பும். அவங்களுக்கே தெரியாது."

அப்பாடா என்று இருந்தது. பேய் விஷயம் இல்லை, பாத விஷயம்.

ஆனால் பெண்ணின் முகம் சரியில்லை. விஷயம் இதுதான். பூந்தமல்லிப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அவளுக்கு வேலை சொல்லியாகிவிட்டது. தேர்வு ஞாயிறு என்றால், மறுநாள் திங்கள் காலையில் கம்பெனி பஸ் ஏற வேண்டும். அவளுக்குப் படிக்க ஆசை. தேர்வில் ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட், ஹாஸ்டல், சாப்பாடு. தோற்றால் பஸ். நடுவில் வேறு எதுவும் கிடையாது.

"அம்மாட்ட நீயே கேளுணா. நான் கேட்டா இஸ்திரி பொட்டி பறக்கும்."

அவள் அம்மா கஸ்தூரி. கோவில்பதாகையில் ஒரு பெரிய அடுக்குமாடி வீட்டு கேட்டுக்கு வெளியே இஸ்திரி வண்டி போட்டிருக்கிறாள். கரி போட்டுத் தேய்க்கிற பெட்டி. தனி ஆளாகப் பெண்ணை வளர்த்தவள். யாருக்கும் பயப்பட மாட்டாள். பேய் பிசாசுக்கு மட்டும் பயப்படுவாள். இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் ஆவி மாஸ்டரை அவளிடம் கூட்டிப் போயிருக்கவே மாட்டேன்.

இன்னொன்றும் எனக்குத் தெரியாது. அந்த அடுக்குமாடிக்கு ஏற்கெனவே இரண்டு கேட். மூன்றாவதாகப் பின்பக்கம் ஒரு கேட் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூண் நிற்கவில்லை. எழுப்பினால் விழுந்தது. மறுபடி எழுப்பினால் மறுபடி விழுந்தது. ஏரி மண், வேறென்ன. ஆனால் வாட்ச்மேன் ஊரெல்லாம் என்ன சொல்லி வைத்திருந்தான் தெரியுமா? அந்த வாசல் பலி கேட்கிறது. காவலுக்கு ஒரு கன்னிப் பெண்ணைக் கொடுத்தால்தான் நிற்கும். கட்டுகிறவர்கள் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பாலம் கட்டினாலும் அணை கட்டினாலும் நம் ஊரில் கிளம்புகிற அதே புரளி. கஸ்தூரி அதை முழுசாக நம்பிவிட்டிருந்தாள்.

நான் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு வருவதற்குள் ஆவி மாஸ்டர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார். கஸ்தூரி குனிந்து ஒரு புடவையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நடந்ததை அவளே எத்தனையோ தடவை எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள்.

"அம்மா" என்றிருக்கிறார் அவர், அவள் பிடரிக்கருகே.

அவள் திரும்பினாள். வெள்ளையாக ஒரு உருவம்.

"மூன்றாம் வாசல் பலவீனமாக இருக்கிறது. அங்கே காவலுக்கு ஒரு பெண் தேவை. பல இடங்களில் பார்த்துவிட்டேன். உங்கள் மகள்தான் பொருத்தமானவள்."

கஸ்தூரி பெட்டியின் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

"காவலுக்கு அவளை வைத்துவிட்டால் எதுவும் தாண்டிப் போகாது. பலி மட்டும் ஒழுங்காக நடக்குமா என்று பார்க்க வேண்டும். அவள் பலியானால்தான் இன்னொருத்தி வீடு திரும்புவாள். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம். சுடுகாட்டுக்குப் பக்கத்தில்தான்."

கடைசி வரி என் காதிலும் விழுந்தது. ஐயோ என்று ஓடினேன். கஸ்தூரி அதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டாள். மூடி திறந்து சாம்பலும் தணலுமாக அவர் மேல் கொட்டியது. வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பான். இவர் அசையவில்லை. சாம்பல் பூசிய முகத்தோடு, சட்டையில் இரண்டு இடத்தில் புகையோடு, "நாளை வேண்டுமானாலும் வருகிறேன்" என்றார். அந்தக் கோலத்தைப் பார்த்த வாட்ச்மேன் கேட்டைச் சாத்தக்கூட இல்லை. ஓடியே போனான்.

"அடப்பாவிங்களா! எம்பொண்ண கேட்டுக்கு அடில பொதைக்கவா வந்தீங்க? இன்னா ஸ்பேர் பார்ட்ஸு, நீயும் கூட்டா? ஊட்டுக்கு ஊடு நல்லவன் மாரி சிரிச்சிக்கினு பொண்ணு புடிக்கிறியா?"

"யக்கா, அது வெளாட்டுக்கா! பேஸ்பால்! உன் பொண்ணு ஷார்ட் ஸ்டாப்பு!"

"எனுக்கு பஸ் ஸ்டாப்புதான் தெரியும். திங்கக்கெழம அவ நிக்கப்போறதும் அதுலதான். இது இன்னா ஸ்டாப்பு? உசுர ஸ்டாப் பண்றதா?"

எனக்குக் கோபம் வந்தது. கஸ்தூரி மேல் இல்லை. அவள் நினைத்ததில் என்ன தப்பு? எனக்கே அப்படித்தான் கேட்டது. இந்த ஆள் மேல்தான்.

"யோவ் மாஸ்டர், ஒரு தடவ, வாழ்க்கைல ஒரே தடவ, ஷார்ட் ஸ்டாப்புன்னு சொல்லித் தொலையேன்யா!"

அவர் யோசித்தார். "அது நிற்கிற இடமல்லவே. காக்கிற இடம்" என்றார்.

தேய்த்த துணியைக் கொடுக்க மாடிக்குப் போயிருந்த மோனிஷா சத்தம் கேட்டு ஓடி வந்தாள். பெட்டி தரையில் கிடந்ததைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எனுக்கு அந்த பஸ்ஸுல ஏற வாணாம்மா."

கஸ்தூரி குனிந்தாள். பெட்டியை எடுத்து, சிதறிய கரியைப் பொறுக்கிப் போட்டாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "சரி, கூட்டிக்கினு போ. ஆனா நானும் வருவேன். இந்தாளு மொத்த நேரமும் என் பக்கத்துல குந்தணும். வாயத் தொறந்தா, ஒரு மந்திரம், ஒரு முணுமுணுப்பு, அவ்ளோதான்."

ஆவி மாஸ்டர் தலையசைத்தார். வாயைத் திறக்கவில்லை. ஒப்பந்தம் அப்போதே தொடங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்.

தேர்வு எங்கள் மைதானத்தில்தான். தேர்வுக் குழு மூன்று பேர். பந்தல் நிழலில் போண்டா தின்றுகொண்டு, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷார்ட் ஸ்டாப் இடத்துக்கு அதில் ஒருவரின் அண்ணன் மகளை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள் என்று காலையிலேயே என் காதில் விழுந்தது. வெயிலில் நின்று சாகிறதெல்லாம் பிள்ளைகள். முடிவு பண்ணுகிறதெல்லாம் போண்டா. இந்தத் துறையில் இத்தனை காலம் குப்பை கொட்டியும் எனக்கு இது பழகவில்லை. பழகவும் வேண்டாம்.

கஸ்தூரி சுவரோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஆவி மாஸ்டர். காலையில் வண்டி வேலை முடித்துவிட்டு அப்படியே வந்திருந்ததால் அவள் கையெல்லாம் கரி. அவர் ஒருமுறை கொட்டாவி விட்டார். 'தொறக்காத!' என்று உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினாள். பொத்தியவள் கையை எடுக்கவே இல்லை.

தேர்வு ஆட்டத்தில் மோனிஷாவை எப்போது இறக்கினார்கள் தெரியுமா? வெயில் சாய்ந்த பிறகு. முதலில் மட்டை பிடிக்கச் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் ஒருத்தி நின்றாள். மோனிஷா பந்தைப் பூப்போலத் தட்டிவிட்டாள். நின்றவள் வீடு வந்து சேர்ந்தாள். மோனிஷா அவுட்.

"இதான்க்கா பலி" என்றேன்.

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். மைதானத்தைப் பார்த்தாள்.

"இவ்ளோதானா? இதுக்கா நான் மூணு நாளா தூங்கல?" அடுத்த நொடி எழுந்து நின்று கத்தினாள், ஒரு கை அவர் வாயிலேயே இருக்க: "ஏன்டி, அந்தப் பொண்ணு ஊட்டுக்கு வர்றதுக்கு நீ இன்னாத்துக்குடி அவுட்டாவுற? அவளுக்குக் காலு இல்ல?"

பேய்ப் பயம் போய் ஆட்டப் பயம் பிடித்துவிட்டது. அது இன்னும் மோசம்.

பிறகு மோனிஷா தடுக்கப் போனாள். காவல் இடத்தில் நின்றாள். அப்போது பக்கத்துச் சாலையில் ஒரு சாவு ஊர்வலம் வந்தது. பறை, விசில், பூ, சரவெடி. மைதானமே அதிர்ந்தது. வெடிப் புகை சுவரைத் தாண்டி உள்ளே வந்து இடுப்பளவுக்குப் படர்ந்தது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி நான் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பந்தலில் இருந்தவர்கள் கையை ஆட்டி, நடத்து நடத்து என்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். மட்டைச் சத்தம் கேட்காது. அடிக்கிறவளின் பாதம் புகைக்குள் இருக்கிறது. நான் தரையைப் பார்த்தேன். புகையில் நிழலும் இல்லை. அந்தப் பெண்ணிடம் இருந்த எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு ஆடச் சொன்ன மாதிரி.

எதிரணியில் பலசாலி ஒருத்தி மட்டையை வீசினாள். மட்டை சுற்றியது மட்டும் தெரிந்தது. பந்து எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. மற்றப் பெண்கள் எல்லாம் வலப்பக்கமும் இடப்பக்கமுமாகத் திணறினார்கள். மோனிஷா மட்டும் மூன்றாவது இடத்தை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தாள். மட்டை சுழல்வதற்கு முன்பே பாய்ந்துவிட்டாள் என்று நான் சத்தியம் செய்வேன். புகைக்குள் விழுந்து மறைந்தாள். மறு நொடி புகைக்குள்ளிருந்து பந்து மட்டும் தனியாகக் கிளம்பி, மைதானத்தைக் குறுக்கே கடந்து, அடித்தவள் ஓடி வந்து சேர்வதற்குள் முதல் இடத்தில் நின்றவளின் கையுறைக்குள் போய் உட்கார்ந்தது. எறிந்த கை யாருக்கும் தெரியவில்லை.

அவுட்.

பந்தலில் ஒருவர் கையிலிருந்த போண்டா கீழே விழுந்தது. அண்ணன் மகளின் சித்தப்பாவே எழுந்து நின்றுவிட்டார். ஊரே பார்த்த பிறகு என்ன செய்ய முடியும்? பெயரை எழுதினார்கள்.

ஊர்வலம் சுடுகாட்டுக்குள் போனது. சத்தம் அடங்கியது. மோனிஷா முழங்கால் சிராய்ப்போடு ஓடி வந்தாள்.

"எப்பிடிமா தெரிஞ்சுது? காலுகூடத் தெரியலியே?"

"மாஸ்டரு சொன்னாருல்லணா?"

"இன்னா சொன்னாரு?"

"என் பின்னாடி நின்னு, காதாண்ட, 'மூன்றாம் வாசல்'னு. அதான் குதிச்சேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். ஆவி மாஸ்டர் தூரத்தில் சுவரோரம், கஸ்தூரி பக்கத்தில், உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவள் கை அப்போதுதான் அவர் வாயை விட்டு விலகியது. வெளுத்த முகத்தில் மூக்கிலிருந்து மோவாய் வரை ஐந்து விரலும் கரியாகப் பதிந்திருந்தது. ஒரு விரல்கூடக் கலையவில்லை.

மூன்றாம் வாசல் என்று அந்த இடத்தைச் சொல்கிற ஆள் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

கஸ்தூரியைக் கேட்டேன். "ஒரு முக்கல் முனகல் கிடையாது. கைய எடுக்கவே இல்ல. எம்பொண்ணு மேல ஆணை" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. அவரிடம் போய் நேராகவே கேட்டேன்.

"யோவ், நீர்தான் சொன்னீரா?"

"சொல்ல நினைத்தேன்" என்றார். "வாய் அம்மாவிடம் இருந்தது."

திங்கட்கிழமை காலையில் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்திருக்கிறது. கஸ்தூரி ஸ்டாப்பில் தனியாகப் போய் நின்று, 'அவ வேற ஸ்டாப்புக்குப் போய்ட்டா, நீ கெளம்பு நைனா' என்று அனுப்பிவிட்டாள். மோனிஷா இப்போது ஹாஸ்டலில் இருக்கிறாள். சாப்பாடு நன்றாக இல்லை என்று தினமும் போன் செய்து குறை சொல்கிறாள். நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

பெண்ணை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த அன்று ஆவி மாஸ்டர் இஸ்திரி வண்டிக்கு வந்தார். தணல் விழுந்து பொத்தலான அந்தச் சட்டையைக் கையில் கொண்டு வந்திருந்தார். கஸ்தூரி பிடுங்கி வைத்துக்கொண்டாள். தைத்து, வெளுத்து, பெட்டி போட்டுத் தருகிறேன், ரெண்டு நாளில் வா என்றாள். "மேற்கே ஒரு காவல் இருக்கிறதாம். பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். எந்தப் பக்கம் போனார் என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு வரவில்லை. ஆவடியில் அவர் வீடு எது என்று தேடிப் போனேன். குழுவில் யாரோ சொன்ன தெருவில் அப்படி ஒருவரைத் தெரியும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். வீட்டைக் காட்ட ஒருவராலும் முடியவில்லை. போன மாதம் குழுவில் மறுபடியும் அதே செய்தி வந்தது. ஆவி மாஸ்டர் காலமானார். இந்தத் தடவை யாரும் கும்பிடு பொம்மை போடவில்லை. எல்லோரும் அவருடைய பதிலுக்குக் காத்திருக்கிறோம். நான் ராத்திரி கடையைச் சாத்தும்போது ஒருதரம், காலையில் திறக்கும்போது ஒருதரம் பார்க்கிறேன்.

நேற்று கோவில்பதாகை போயிருந்தேன். இஸ்திரி வண்டிக் கம்பத்தில் அந்த வெள்ளைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பொத்தல் தெரியாமல் தைத்திருந்தாள். காற்றில் ஒரு கை மட்டும் மெல்லத் தூக்கி இறங்கியது. வாட்ச்மேன் இன்றைக்கும் அந்தப் பக்கம் வருவதில்லையாம், சுற்றிக்கொண்டு இரண்டாவது கேட் வழியாகப் போகிறானாம்.

"தூசி படுது, மறுபடி தொவைக்கிறேன். சுருங்குது, மறுபடி பொட்டி போடறேன்" என்றாள் கஸ்தூரி. "மடிச்சு உள்ள வெச்சிட்டா வரமாட்டாருன்ற மாரி தோணுதுப்பா. அதான் மாட்டிக்கினே கீறேன்."

திரும்பி நடக்கும்போது பிடரியில் என்னவோ பட்ட மாதிரி இருந்தது. வேண்டுமென்றே, கொஞ்சம் சத்தமாகவே, அந்த ஆளைத் திட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நின்றேன். 'உண்மைதான்' என்று யாரும் சொல்லவில்லை.

இந்தப் பத்திரிகை எந்த மைதானத்தில் கிடைத்தாலும் அவர் எடுத்துப் படிப்பார் என்று நினைக்கிறேன். சட்டை தயாராக இருக்கிறது. வந்து தொலையும் ஐயா.